முறிந்த பாறைக்கு அந்தப் பக்கம்

கோமதி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "எம்மா, நான் ஒத்துக்கிடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி, குடியிருப்பில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று என்னென்னவோ கேட்டேன். நீயும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். வைத்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. மறுநாள் கடையில் கொலுசுகளை எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றபோதும் உன் கேள்விதான் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போனில் என்றால் எனக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். இதை வேலைக்கு நடுவே படிக்காதே. லீவு நாளில் சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

நீ கேட்டது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். சுரங்கத்தின் அடுத்த கீழ்த்தளத்தைத் திறக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுக்கிறார்கள். எங்கே தோண்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று இனிமேல் நீ சொல்வதுதான் சொல். அந்தத் தளத்துக்கு மேலே, பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன என்றாய். அந்தத் தண்ணீருக்கும் கீழே வேலை செய்கிறவர்களுக்கும் நடுவில் போதுமான பாறையை விட்டுவைக்க வேண்டும். ஆனால் அந்தப் பாறையிலேயே நல்ல தங்கம் இருக்கிறது, அதை விட்டுவைக்க முதலாளிக்கு மனசு வருமோ வராதோ தெரியவில்லை என்றாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாய். நீ இந்த வேலைக்குப் போன பிறகு அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

நான் நகைக் கடையில் வெள்ளிப் பிரிவில் நிற்கிறவள். உனக்குச் சுரங்கத்தைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்? நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு, "இந்தக் கொலுசெல்லாம் எங்கன இருந்தும்மா வருது?" என்று கேட்டாய். "சேலத்துல இருந்துட்டி" என்றேன். "சேலத்துக்கு எங்கன இருந்து வருது?" என்றாய். கொலுசு பார்க்க வந்த வாசுதேவநல்லூர்க்கார அம்மாள் ஒருத்தி சிரித்துவிட்டாள். நான் "போய் வீட்டுப்பாடம் எழுது" என்று அனுப்பினேன். எனக்கு விடை தெரியாது, அவ்வளவுதான். தங்கமும் வெள்ளியும் பார்சலில் வரும், எடை போடுவோம், அட்டை கட்டுவோம், விற்போம். அதற்கு முந்திய கதை ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உனக்குத் தோன்றியது. அதன் பின்னாலேயே போய்க் கடைசியில் பூமிக்கு உள்ளேயே இறங்கிவிட்டாய்.

நீ கல்லூரியில் நிலவியல் எடுத்தபோது உன் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டு, "பொம்பளப் பிள்ளையக் கல்லும் மண்ணும் படிக்க அனுப்புதியளே, நாளைக்குக் கொத்தனார் வேலைக்கா அனுப்பப் போறிய?" என்று கேட்டாள். உன் அப்பா தறிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காதில் இன்னும் தறிச் சத்தம் இருந்திருக்கும் போல, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "அவ ஆசைப்படுதா. படிக்கட்டும்." பிறகு படிப்பு முடிந்து, ராயலசீமைப் பக்கம் புதிதாகத் திறந்த சின்னச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்க்கலாம் என்று சட்டம் மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அங்கே உன் காலுக்குச் சேருகிற அளவில் பூட்ஸ்கூட இல்லை. ஆம்பளைப் பூட்ஸுக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துப் போட்டுக்கொண்டு இறங்கினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். நீ அடுத்த நாளும் இறங்கினாய்.

போன மார்கழியில் நான் அங்கே வந்தேன் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, கடையில் கூட்டம் இருக்காது, லீவு கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். மதுரைக்குப் போய் அங்கிருந்து குண்டக்கல் போகிற ரயிலில் ஏறினேன். விடிந்து ஜன்னலைத் திறந்தால் குருவிகுளம் பக்கத்தில் போகிற மாதிரியே இருந்தது. மழையை நம்பிக் கிடக்கிற காடு, இடையிடையே உடைமரம், ஆடு மேய்க்கிறவர்கள். பாஷைதான் வேறு. இந்த மண்ணுக்கு அடியிலா தங்கம் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஸ்டேஷனில் நீ நின்றாய். கன்னம் ஒட்டிக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "என்னட்டி இப்படி இருக்கே?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் வேலை" என்றாய். ஒன்றுமில்லை என்று நீ சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஜீப்பில் போகும்போது நானாகக் கேட்கவில்லை. பாதி வழியில் நீயே சொன்னாய்: "கல்லைக் காணோம்மா. நாங்க தோண்டிக்கிட்டுப் போன கல்லு திடீர்னு அறுந்துபோச்சு. கிடைக்கலேன்னா மூடிருவாவ."

முதலில் என்னை மேலே உள்ள பழைய குழிகளைப் பார்க்கக் கூட்டிப் போனாய். எந்தக் காலத்திலோ, வெடி என்ற ஒன்றே இல்லாத நாளில், நெருப்பு வைத்துப் பாறையைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்து, கையால் பெயர்த்து எடுத்தார்களாம். ஊற்றுத் தண்ணீர் குறுக்கே வருகிற வரைக்கும் போயிருக்கிறார்கள், அதற்குக் கீழே போக வழி தெரியாமல் விட்டுவிட்டார்கள். பக்கத்துப் பாறையில் வரிசையாக உரல் குழி மாதிரிப் பள்ளங்கள். அதில் போட்டுத்தான் கல்லை இடித்தார்கள் என்றாய். ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அம்மிக்கல் போல வழுவழு என்று இருந்தது. எத்தனை கை தேய்த்து அப்படி ஆகியிருக்கும்! "இவியதான் எங்களுக்கு மொத ஜியாலஜிஸ்ட்டும்மா. நாங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்ன இடத்தையெல்லாம் இவிய ஏற்கெனவே தோண்டிட்டாவ" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. பெயர் தெரியாத மனிதர்கள் மேல் அப்படி மரியாதை வைக்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நீயாகக் கற்றுக்கொண்டாய்.

மேனேஜரிடம் கேட்டு, தொப்பியும் விளக்கும் மாட்டி, பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்து, பிறகுதான் என்னைக் கீழே விட்டார்கள். ஜீப் வளைந்து வளைந்து இறங்கியது. வாசல் வெளிச்சம் சின்னதாகிக் காணாமல் போனதும் நான் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. உள்ளே குளிராக இருக்கும் என்று நினைத்தேன், புழுக்கமாக இருந்தது. நீ விளக்கைச் சுவரில் அடித்துக் காட்டினாய். பச்சையும் கறுப்புமாக இருந்த பாறைக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெள்ளைக் கல் ஒன்று கீழிருந்து மேலே ஓடியது. அதில் அங்கங்கே சாம்பல் நிறத்தில் இழை இழையாகக் கோடுகள். நான் அதில் கையை வைத்துக்கொண்டு, "எங்கட்டி தங்கம்?" என்று கேட்டேன்.

"நீ அது மேலதான் கைய வச்சிருக்கே."

"மஞ்சளா ஒண்ணையும் காணோமே?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா. அந்தச் சாம்பல் கோடு இருக்குல்லா, அதுக்குள்ள பொடிப் பொடியா இருக்கு. வெள்ளியும் சேந்தே இருக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு."

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நீ சொன்ன விதம் இன்னும் மறக்கவில்லை. "நம்ம ஊரு போர்த் தண்ணியக் காய்ச்சினா பாத்திரத்துல வெள்ளையா உப்பு படியுதுல்லா, அதே கதைதான். பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல இருந்து கொதிக்கிற தண்ணி வெடிப்பு வழியா மேல ஏறி வந்திருக்கு. அது கரைச்சுக் கொண்டாந்ததெல்லாம் சூடு ஆற ஆற வெடிப்புக்குள்ள படிஞ்சிட்டு. வெள்ளைக் கல்லு, தங்கம், வெள்ளி எல்லாம்." அது எப்போது என்றேன். இருநூறு கோடி வருஷத்துக்கும் முந்தி என்றாய். நான் கடையில் நாலு நாளில் விற்றுவிட வேண்டும் என்று தவிக்கிற பொருளுக்கு அவ்வளவு வயசு என்று கேட்டதும் கல்லின் மேலிருந்த கையை எடுத்துவிட்டேன்.

பிறகு அந்தச் சுரங்கப் பாதையின் கடைசிக்குக் கூட்டிப் போனாய். வெள்ளைக் கல் அங்கே கத்தியால் வெட்டின மாதிரி நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் வெறும் கறுத்த பாறை. நடுவில் களிமண் அப்பின மாதிரி ஒரு கோடு. அதுதான் முறிவு என்றாய். "அப்பா தறியில கரை போட்ட துணி நெய்தாவல்லா. அத நடுவுல கத்தரிச்சு, ஒரு துண்டைத் தள்ளி வச்சா கரை என்ன ஆகும்?" "விலகிப்போகும்." "அந்தக் கரைதான் இந்தக் கல்லு. இங்கன பூமி முறிஞ்சு நகந்திருக்கு. மத்தத் துண்டுல கரை எங்கனயோ பத்திரமா இருக்கு. எந்தப் பக்கமா நகந்திச்சுன்னு கண்டுபிடிச்சுட்டா போதும்." போதும் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். ஆனால் இடமா, வலமா, மேலா, கீழா என்று தெரியாமல் அத்தனை பெரிய பாறைக்குள் எங்கே தேடுவது? முதலாளி ஹைதராபாத்திலிருந்து வந்து, இரண்டே இடத்தில் துளை போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். சுரங்கம் வருவதற்கு முன்னால் பாதிப் பேர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்க்கொண்டிருந்தவர்கள். மூடினால் மறுபடியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

முதல் துளை எந்தத் திசையில் என்று நீதான் குறித்துக் கொடுத்தாய். துளை போடுகிற இயந்திரத்தை ஓட்டுகிறவர் மல்லேஷ். அவருடைய மனைவி லட்சம்மா ஒரு காலத்தில் சென்னையில் சித்தாள் வேலை பார்த்ததால் கொஞ்சம் தமிழ் பேசினாள். எனக்கு அங்கே பேச்சுத்துணை அவள்தான். பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்து நீளமான தட்டுகளில் வரிசையாக அடுக்கினார்கள். நீ ஒவ்வொன்றாக நனைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாய். கறுப்பு. மறுபடியும் கறுப்பு. நீ வெள்ளைக் கல் வரும் என்று சொன்ன ஆழம் வந்தது, அதையும் தாண்டிப் போனார்கள். எல்லாம் கறுப்பு. சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரம். ஏறி வந்தவர்களும் இறங்கப் போகிறவர்களும் கொட்டகையில் கூடி நின்றார்கள். மல்லேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துளை கோணலாகப் போய்விட்டதோ என்று மேனேஜர் அவரைப் பார்த்துக் கேட்டார் என்று லட்சம்மா என் காதில் சொன்னாள். அப்போது நீ எழுந்து எல்லார் முன்னாலும் தெலுங்கில் என்னவோ சொன்னாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லட்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உன் பொண்ணு சொல்லுது, துளை நேராத்தான் போச்சு, என் கணக்குதான் தப்புன்னு."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. குடியிருப்புக்கு வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, உனக்கு என்ன வந்துச்சு? அத நீயா போய் ஏன் சொல்லணும்? சும்மா இருந்தா யாரு உன்னக் கேக்கப் போறா?" நீ பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாய்: "சும்மா இருந்தா மல்லேஷ் மேல போட்டுருவாவம்மா. அதுபோக, தப்புன்னு நான் ஒத்துக்கிட்டாத்தான் எங்கன தப்புன்னு தேட முடியும். இல்லேன்னா நான் சொன்னது சரின்னு நிரூபிக்கதிலயே மிச்ச துளையும் போயிரும்." சோறு போட்டேன். என் வயசுக்கு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கடையில் ஒரு கொலுசுத் திருகாணி தொலைந்தால் அது யார் கையில் தொலைந்தது என்று அடுத்தவளைக் கைகாட்டுவதற்குத்தான் எல்லாருக்கும் அவசரம். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உன் அப்பாவிடமிருந்தும் இல்லை, அவர் நூல் அறுந்தால் மோட்டாரைத் திட்டுகிறவர்.

மறுநாள் நீ என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்த முறிவுக்குப் போனாய். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்து, கையில் பிரஷ் வைத்துக்கொண்டு, அதில் அப்பியிருந்த களிமண்ணையெல்லாம் தேய்த்துக் கழுவினாய். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாத்திரம் தேய்க்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளை, பாறையை இப்படித் தேய்க்கிறாளே என்று நினைத்தேன். கழுவக் கழுவப் பாறை பளபளவென்று மெருகு போட்ட மாதிரி வந்தது. அதில் படுக்கை வாட்டத்தில் கீறல் கீறலாகக் கோடுகள். ஒரு பாறை இன்னொரு பாறை மேல் உரசிக்கொண்டு போன தடம் அது. அதைப் பார்த்துத்தான் முதல் துளைக்குத் திசை சொல்லியிருந்தாய். இன்னும் தேய்த்தாய். ஒரு மூலையில் மேல்பூச்சு மாதிரி இருந்தது பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில் வேறு கீறல்கள், மேலிருந்து கீழாகச் சாய்ந்து ஓடின. நீ அப்படியே நின்றுவிட்டாய்.

"எம்மா, கையக் கொடு" என்று என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்துக் கீழ்நோக்கி இழுத்தாய். வழுக்கிக்கொண்டு போனது. மேல்நோக்கித் தள்ளினாய், உள்ளங்கையில் சொரசொர என்று இடறியது. "தெரியுதா? வழுக்குத பக்கமாத்தான் மத்தத் துண்டு போயிருக்கு, கீழ. மொதல்ல கீழ இறங்கிருக்கு. அப்புறம் எத்தனையோ காலம் கழிச்சு, பக்கவாட்டுல நகந்திருக்கு. ரெண்டு தடவை நகந்திருக்கும்மா! நான் கடைசியா நடந்தத மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன்." நீ சிரித்தாய். நான் அங்கே வந்த பிறகு நீ சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் தப்பைக் கண்டுபிடித்ததற்கு!

இரண்டாவது துளை போட்ட அன்றைக்கு வேலை இல்லாதவர்கள்கூட வந்து நின்றார்கள். லட்சம்மா சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் நம் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை. கறுப்புக் கல்லாகவே வந்துகொண்டிருந்தது. நீ சொன்ன ஆழத்துக்கு வந்ததும் இயந்திரத்தின் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. மல்லேஷ் திரும்பி உன்னைப் பார்த்தார். நீ கையைக் காட்டினாய், நிறுத்தாதே என்று. உருளையை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தபோது பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வெள்ளைக்குள் அந்தச் சாம்பல் இழை. மல்லேஷ், தங்கமா என்று தெலுங்கில் கத்தியே விட்டார். "பங்காரமா, மேடம், பங்காரமா?" எல்லாரும் உன் வாயையே பார்த்தார்கள். நீ முழங்காலிட்டு உட்கார்ந்து, அதை நனைத்து, வெகுநேரம் லென்ஸில் பார்த்தாய். பிறகு எழுந்து, "லேப்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய், லட்சம்மா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் ஆமாம் என்ற ஒரு சொல் போதும். உனக்கும் சொல்ல ஆசை இருந்திருக்கும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் நீ நின்றாய் பார், அதைத்தான் நான் ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். தங்கம் கிடைத்ததைப் பிறகுதான் சொன்னேன்.

லேபில் என்னையும் உள்ளே விட்டார்கள். கல்லைப் பொடியாக்கி, ஈயம் சேர்த்து உலையில் உருக்கி, கடைசியில் ஈயத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்ட ஒரு சின்னச் சாம்பல் கிண்ணத்தில் ஊசிமுனை மாதிரி ஒரு மணி நின்றது. வெள்ளையாக இருந்தது. "இதுல தங்கமும் வெள்ளியும் சேந்திருக்கு" என்று சொல்லி அதை அமிலத்தில் போட்டாய். கடையில் பழைய நகையை உரைத்து அமிலம் விட்டுப் பார்ப்பதை எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான், ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெள்ளி கரைந்து போய், அடியில் கறுப்பாக ஒரு துணுக்கு மிச்சம் நின்றது. அதைச் சூடாக்கினதும் மஞ்சளாக மாறியது. அதை எடை போட்டாய், எழுதினாய், மறுபடியும் சரிபார்த்தாய். பிறகு மேனேஜரிடம் போய், "கிடைச்சிருக்கு சார்" என்றாய். அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். வெளியே வெடிச் சத்தம் மாதிரி ஒரே ஆரவாரம். நீ வீட்டுக்கு வந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சுவரோரமாகப் படுத்துத் தூங்கிவிட்டாய். உன் கால் நகத்திலெல்லாம் களிமண். எழுப்பாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

நான் கிளம்புகிற அன்று ஆலையையும் காட்டினாய். கல்லை அரைக்கிற உருளைகள், தங்கத்தைக் கரைக்க மருந்து கலக்கிற தொட்டிகள், மிச்சச் சேறு கசியாமல் விரிப்புப் போட்ட குளம். அந்த மருந்து விஷம் என்று கேட்டு நான் பயந்தபோது, எங்கெங்கே தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறார்கள் என்று கூட்டிப் போய்க் காட்டினாய். கடைசியில் உருக்கி ஊற்றிய கட்டியைக் கையில் தந்தார்கள். தங்கம் என்று சொன்னார்களே தவிர வெளிறிப்போய் இருந்தது. "வெள்ளி நெறைய கெடக்கே இதுல" என்று நான் சொன்னதை நீ தெலுங்கில் சொன்னதும் மேனேஜர் சிரித்து, "அம்மாவுக்குக் கண் சரியா இருக்கு" என்றார். லட்சம்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். ரயில் வருகிற நேரத்தில் என்னிடம் சொன்னாள்: "எங்க ஊருல எவ்வளவோ ஆபீசர் வந்தாங்க அம்மா. ஏதாவது கெட்டுப்போனா எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, ஒருநாள் கேட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. உன் பொண்ணுதான் நேரா வந்து, கிடைக்கலைன்னு சொல்லிச்சு. அதனாலதான் கிடைச்சதுன்னு சொன்னப்போ நாங்க நம்பினோம்."

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உனக்குப் பயமாக இருக்கிறது என்றாய் அல்லவா, அந்தப் பயத்தைப் போக்க எனக்குத் தெரியாது. போக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. தலைக்கு மேல் தண்ணீர் நிற்கிற இடத்தில் பயப்படாத ஒருத்தர் கையில் அந்தப் பொறுப்பு போவதைவிட, பயப்படுகிற உன் கையில் இருக்கட்டும். ஆனால் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நீ நிறுத்து என்று சொன்னால் அவர்கள் நிறுத்துவார்களா? அந்தப் பாறையில் எவ்வளவு தங்கம் இருந்தாலும், இதைத் தொடக் கூடாது என்று நீ சொன்னால் தொடாமல் இருப்பார்களா? அதற்குச் சரி என்றால் ஏற்றுக்கொள். மழுப்பினால் வந்துவிடு. வேறு மலை, வேறு கல் கிடைக்கும். உன்னைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. உன் பேச்சைக் கேட்கிற காது அங்கே இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

இதுவரை எழுதி மேஜை மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். மத்தியானம் நீ கூப்பிட்டாய். கொலுசுக்குக் கூட்டம் நின்றது, இருந்தாலும் எடுத்தேன். "எம்மா, முதலாளிகிட்டப் பேசிட்டேன். மேல இருக்க பாறையத் தொடக்கூடாது, நான் நிறுத்தச் சொன்னா யாரயும் கேக்காம நிறுத்தணும், இதுக்கு ஒத்துக்கிட்டா நான் பொறுப்ப எடுத்துக்கிடுதேன்னு சொன்னேன். ரெண்டு நாள் யோசிச்சாவ. இன்னைக்குக் காலையில சரின்னுட்டாவ" என்றாய். நான் இத்தனை பக்கம் எழுதிக் கடைசியில் சொல்ல வந்ததை நீயே போய்ச் செய்து முடித்துவிட்டாய். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு வரவில்லை. உன்னிடம் நேரில் ஒருநாளும் சொல்லாதது எல்லாம் இதில் இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு மூடின இடம் ஆகாது. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட லிப்டில் ஏற மாட்டார், மூச்சு வாங்க வாங்கப் படியில்தான் வருவார். போன தடவை என்னோடு வராததற்குத் தறியில் ஆள் இல்லை என்று காரணம் சொன்னார். கை கழுவி வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, "வார மார்கழிக்கு எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுரு" என்றார்.

"வந்து என்ன செய்யப் போறிய? கீழ எறங்குவியளா?"

"எம்மவ அங்கனதான இருக்கா" என்றார்.

அம்மா